மஞ்சள் பொது, பெட்டி தனி

நலங்கு மாவு அரைப்பது எளிது. அதற்கு ஒரு முகம் வரைவதுதான் சிரமம். செம்பூர்ப் பெண் ஒருவர் பாடம் படித்த கதை.

தீபாவளிக்கு முந்தின வாரம். மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கால் வைக்க இடமில்லை. மல்லிகையும் காபிப் பொடியும் கலந்து மணக்க, என்னுடன் செம்பூரிலிருந்து வந்திருந்த அடுத்த வீட்டுப் பெண்மணி ஒரு கடையின் அலமாரிக்கு முன்னால் அசையாமல் நின்றார். அவர் அரைக்கும் நலங்கு மாவு மூன்று வருடங்களாக அந்தக் கடையில் விற்கிறது. இப்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு பாக்கெட். அதே 'நலங்கு' என்ற பெயர். அதே பச்சை நிறம், அதே தாமரை. எழுத்துகூட அச்சாக அதே எழுத்து. விலை மட்டும் பத்து ரூபாய் குறைவு.

"ரெண்டும் உங்க சரக்குன்னுதாம்மா நெனச்சேன்" என்றார் கடைக்காரர். பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. எனக்கே ஒரு கணம் தடுமாற்றமாகத்தான் இருந்தது.

பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ரோஜா இதழ். திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து, காயவைத்து, அரைத்து, சலித்து இந்த மாவைத் தயாரிக்கிறார் அவர். கணவருக்கு வேலை போன வருடம் தொடங்கிய தொழில். பெண்ணின் கல்லூரிச் செலவு இந்த மாவிலிருந்துதான் வருகிறது. அன்று மாலையே ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றார்.

வக்கீல் சொன்னது அவருக்கு உவப்பாக இல்லை. 1999ஆம் ஆண்டின் டிரேட் மார்க் சட்டம், 9ஆவது பிரிவில், பொருளின் வகையையோ குணத்தையோ பயனையோ சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் பதிவு செய்துகொடுக்க மறுக்கிறது. நலங்கு என்பது கல்யாண வீட்டுச் சொல். எவரும் பயன்படுத்தலாம். நெடுநாள் புழக்கத்தால் அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்கள் மனதில் ஒரே ஒரு தயாரிப்பாளர்தான் தோன்றுகிறார் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. மூன்று வருடமும் ஆறு கடைகளும் அதற்குப் போதாது. 'இயற்கை', 'மூலிகை', 'சந்தனம்' எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மஞ்சளைச் சொந்தம் கொண்டாடப் போய் அமெரிக்காவிலேயே பின்வாங்க நேர்ந்தது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு 1995இல் காப்புரிமை தரப்பட்டது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று பழைய நூல்களைக் காட்டி வாதாட, 1997இல் அது ரத்தானது. அப்போது நாமெல்லாம் கைதட்டினோம். அதே நியாயம் செம்பூர் வீட்டு வாசலுக்கு வந்தால் கசக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் இவருக்குச் சொந்தமானது எது? விடை மும்பையின் பரேலில் பிறந்த ஒரு மஞ்சள் கிரீமிலேயே இருக்கிறது. நாக்பூரிலிருந்து வந்த கேசவ் விஷ்ணு பெந்தார்கர் 1952இல் தொடங்கிய நிறுவனம் விகோ. விஷ்ணு இண்டஸ்ட்ரியல் கெமிக்கல் கம்பெனி என்பதன் சுருக்கம். பற்பொடியில் தொடங்கி எழுபதுகளில் மஞ்சள் கிரீமுக்கு வந்தார்கள். அது விற்பனையில் சூடு பிடித்ததும், 'காஸ்மோ' என்ற பெயரில் டெல்லியிலிருந்து இன்னொரு மஞ்சள் கிரீம் வந்தது. விகோ நீதிமன்றம் போனது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. மஞ்சள் என்ற சொல் யாருக்கும் தனிச் சொத்தல்ல. பெயர்களும் வேறு வேறு. ஆனாலும் ட்யூபும் அட்டைப்பெட்டியும் நிறத்திலும் அமைப்பிலும் தோற்றத்திலும் ஒன்றுபோலவே இருந்ததால் காஸ்மோவுக்குத் தடை விதிக்கப்பட்டது.

2003இல் கோல்கேட்டுக்கும் ஆங்கருக்கும் பற்பொடி டப்பாவின் சிவப்பு வெள்ளை நிறச் சேர்க்கை பற்றி நடந்த வழக்கிலும் அதே நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே வழியில் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர் நிறத்தைப் பார்த்துத்தான் பொருளை அடையாளம் காண்கிறார் என்பதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஆக, மாவு பொது, பெட்டியின் முகம் தனி. பெண்மணியின் முகம் மலர்ந்தது. "அப்ப அவன் என் தாமரையத் திருடினதுக்குக் கேஸ் போடலாம்ல?"

அங்கேதான் இடித்தது. அந்தத் தாமரை அவருடையதல்ல. முதல் லேபிளைத் தாராவியில் ஒரு டி.டி.பி. கடையில் அரை மணி நேரத்தில் செய்து வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஓவியத் தொகுப்பிலிருந்து கடைப் பையன் எடுத்து ஒட்டிய தாமரை அது. எழுத்தும் அவனிடம் இருந்த பத்துப் பதினைந்தில் ஒன்று. எதிராளியும் எங்கோ ஒரு கடையில் அதே தொகுப்பைத் திறந்திருக்கலாம். திருட்டே நடக்கவில்லையோ என்னவோ. மாவுக்கு மூன்று மாதம் உழைத்தவர் முகத்துக்கு அரை மணி நேரம்தான் செலவழித்திருந்தார்.

இந்தத் தவறை இவர் மட்டும் செய்யவில்லை. மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வரும் சிறு தொழில்காரர்களில் பெரும்பாலோர் லோகோவைக் கடைசி நாளில்தான் நினைக்கிறார்கள். ஒரு இலை, ஒரு நீர்த்துளி, ஒரு தாமரை, கூந்தல் பறக்கும் ஒரு பெண். இயற்கை அழகுப் பொருள் என்றால் இந்த நாலில் ஒன்று. தமிழர் என்றால் ஐந்தாவதாக ஒரு 'ழ'. இந்த எழுத்தை இன்னும் எத்தனை டப்பாக்கள்மீது ஏற்றப் போகிறோமோ தெரியவில்லை.

மாட்டுங்காக் கடையின் அலமாரியிலேயே நல்ல பாடங்கள் வரிசையாக நிற்கின்றன. வேம்புக்கு ஆங்கிலத்தில் மார்கோசா. அதைப் பாதியில் வெட்டி மார்கோ என்று ஆக்கியது கல்கத்தா கெமிக்கல் கம்பெனி. வேப்ப வாசனையும் போகவில்லை, பெயரும் சொந்தமாகிவிட்டது. சென்னையில் ரயில்வே டாக்டராக இருந்த வி.பி. சித்தன் 1969இல் தொடங்கிய சோப்புக்கு வைத்த மெடிமிக்ஸ் என்ற பெயரும் அப்படிக் கட்டிய சொல்தான். மைசூர் சாண்டல் மட்டும் ஊர்ப்பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்துத் தைரியமாக வைத்துக்கொண்டது. மகாராஜா காலத்து அரசாங்கத் தொழிற்சாலை, அவர்களுக்கு என்ன? நூறு வருடப் புழக்கமும் 2006இல் கிடைத்த புவிசார் குறியீடும் இப்போது காவல் நிற்கின்றன. அதன் பெட்டியிலோ சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட சரபம். அப்படி ஒரு மிருகத்தை எந்தக் கடைப் பையனும் தற்செயலாக ஒட்டிவிட முடியாது.

எனக்குப் பிடித்த உதாரணம் போரோலின். கல்கத்தாவில் 1929இல் கௌர்மோகன் தத்தா தொடங்கிய கிரீம். அதன் யானைச் சின்னத்தால் எழுத்தறியாதவர்கள் அதை 'யானை கிரீம்' என்றே கேட்டு வாங்கினார்கள். சருமத்துக்கும் யானைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பூட்டு விற்ற கோத்ரெஜ் முதலில் போட்ட தாவர எண்ணெய்ச் சோப்பின் பெயர் 'சாவி'. அதற்கும் சருமத்துக்கும்தான் என்ன சம்பந்தம்? கடையில் போய்க் கையைக் காட்டிக் கேட்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அது பக்கத்து டப்பாவில் இருக்கக் கூடாது.

செம்பூர்ப் பெண்மணிக்குப் படம் வரைந்து கொடுத்தது தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு மாணவி. ஜே.ஜே. கலைக் கல்லூரியில் பயன்பாட்டுக் கலை படிக்கிறாள். இலை, துளி, தாமரை, கூந்தல் நான்கும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அடுக்களையில் உட்கார்ந்து அரை நாள் வேடிக்கை பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது ஒரு பித்தளை உழக்கு. பெண்மணியின் அம்மா வீட்டிலிருந்து வந்தது. மாவை அதில்தான் அளக்கிறார்.

முதலில் வரைந்த உழக்கு பளபளவென்று நிழலும் ஒளியுமாக அழகாக இருந்தது. தாராவியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு வேண்டியது ஒரே மை, ஒரே திரை. இரண்டாவது படம் வெறும் கறுப்பு நிழலாக வந்தது. பக்கத்து வீட்டு மராட்டியப் பெண் அதை டீ கிளாஸ் என்றார். மூன்றாவதில் உழக்கின் வாயில் மாவு குவிந்து கோபுரமாக நின்றது, உடம்பில் இரண்டு வளையங்கள். அதை நகத்தளவுக்குச் சுருக்கி, அந்தப் பிரதியையே மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது பிரதியிலும் உழக்கு உழக்காகவே இருந்தது. அப்போதுதான் சம்மதித்தாள்.

பிறகு எழுத்து. இங்கேதான் எனக்கும் வேலை வந்தது.

முதல் கேள்வி, தமிழ் வேண்டுமா என்பதே. பாக்கெட் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், கட்டாய விவரங்களைத் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ தரச் சொல்கின்றன. மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். மகாராஷ்டிரத்தில் கடைப் பலகைக்கு மராத்தி கட்டாயம். அந்த விதியை நிறைவேற்ற உச்ச நீதிமன்றம் 2023இல் இரண்டு மாதக் கெடுவே விதித்தது. ஆனால் அது பலகைக்கு, பாக்கெட்டுக்கு அல்ல. தமிழை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பெண்மணியின் மகளோ, ஒல்லியான ஆங்கில எழுத்தில் போட்டால் பாந்திராவில் மூன்று மடங்கு விலைக்கு விற்கலாம் என்றாள். அதில் உண்மை இல்லாமலில்லை. இப்போது வரும் விலை உயர்ந்த இயற்கைப் பொருள்களின் டப்பாக்களைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆங்கிலம்.

மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்பதும் உண்மை. ஆனால் நலங்கு மாவை வாங்குவது யார்? பேத்திக்குப் பூசிவிட வாங்கும் பாட்டிகள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த அம்மாக்கள். அவர்கள் படிக்க முடியாத டப்பாவை அவர்களுக்கே விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை, சொன்னேன். தமிழ் பெரிதாக, மராத்தியும் ஆங்கிலமும் சிறிதாக என்று முடிவாயிற்று.

முடிவு எடுப்பது சுலபம். மும்பையில் தமிழைப் பிழையில்லாமல் அச்சடிப்பது அப்படியல்ல. தமிழுக்கு யூனிகோடில் 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் சில டி.டி.பி. கடைகளில் அதற்கு முந்தைய முறை எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் வெறும் குப்பை எழுத்து வரும். யூனிகோடில் அடித்தாலும், இந்திய மொழிகளுக்கான அமைப்பை முடுக்கிவிடாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி உட்காரும். 'கொ' என்பதில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. விமான நிலையப் பலகையிலிருந்து மசாலா பாக்கெட் வரை இந்தக் கொம்பு முறிந்த தமிழைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது.

இத்தனைக்கும் தமிழ் எழுத்து விஷயத்தில் மும்பை ஏழை நகரமல்ல. விண்டோஸ் கணினியில் நெடுங்காலம் நாம் படித்த 'லதா' எழுத்துரு, ஆர்.கே. ஜோஷியின் தலைமையில் இங்கே உருவானது. பவாய் ஐ.ஐ.டி.யில் பாடம் சொன்னவர், 2008இல் காலமானார். இந்திக்கு 'மங்கள்' செய்ததும் அவர்தான். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். அதே பவாயில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர். 'பராசக்தி' என்று ஒரு தமிழ் எழுத்துருவும் வரைந்திருக்கிறார். மும்பையின் ஏக் டைப் குழு முக்தா, பலூ என்ற எழுத்துருக் குடும்பங்களைப் பல இந்திய லிபிகளுக்குச் செய்து இலவசமாகவே கொடுத்திருக்கிறது. முக்தாவின் தமிழ் வடிவத்துக்கு முக்தா மலர் என்று பெயர். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை.

சிறிய விவரங்களுக்கு முக்தாவையே எடுத்துக்கொண்டோம். தேவநாகரிக்குத் தலைக்கோடு உண்டு, தமிழுக்குக் கிடையாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து சின்ன எழுத்து உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று தடித்து ஒன்று இளைத்துத் தெரியும். ஒரே குடும்பத்து எழுத்துகளில் அந்தச் சண்டை குறைவு.

பெயரை மட்டும் மாணவி கையால் வரைந்தாள். பழமை தெரியட்டும் என்று 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை'யைப் போட்டுப் பார்த்தாள், தும்பிக்கை தூக்கிய அந்தக் கால 'லை'. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பாட்டி ஒரே மூச்சில் படித்தார். தாராவியில் ஏழாவது படிக்கும் பையன் விழித்தான். கைவிட்டோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அச்சடித்துப் பார்த்தபோது இன்னொரு வில்லங்கம். லேபிளின் பின்புறம் 'மணம்' என்று ஒரு சொல். சின்ன எழுத்தில் மை பரவி 'ண'வின் ஒரு சுழி அடைபட்டுப் போக, அது 'மனம்' என்று நின்றது. வாசனைப் பொடி வேதாந்தப் பொடியாகிவிட்டது. சுழிகளை அகலமாக்கி, கோட்டைச் சற்று மெலியவிட்டு, எழுத்தை ஒரு படி பெரிதாக்கியதும்தான் சுழி திறந்தது. புள்ளிகளுக்கும் இதே வைத்தியம். ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைக்கிற அளவு தமிழுக்குப் போதாது என்பதை நான் அந்த அச்சகத்தில்தான் கண்ணாரக் கண்டேன். விதிப்படி எழுத்தின் உயரம் குறைந்தது 1 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் 'ண'வை வாசிக்க வக்கீலுக்கே பூதக்கண்ணாடி தேவைப்படும்.

இவ்வளவுக்கும் இடம் எங்கே? தயாரித்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், தேதிகள், சேர்மானப் பட்டியல், எடை, விலை எல்லாம் அதே லேபிளில் ஏற வேண்டும். அழகுப் பொருள் தயாரிக்க உரிமமும் வேண்டும். 2014இல் அழகுப் பொருள்களுக்கும் சைவமா அசைவமா என்று சொல்லும் பச்சை அல்லது பழுப்புப் புள்ளியும் விதிகளில் சேர்ந்தது, அதுவும் முகப்பின் மேற்பகுதியில். மாணவி அந்தப் பச்சைப் புள்ளியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள்.

வக்கீல் விடாமல் வலியுறுத்தியது ஒரு காகிதத்தை. காசு கொடுத்தால் படம் நம்முடையது என்று பலரும் நினைக்கிறோம். பதிப்புரிமையைக் கையெழுத்திட்ட எழுத்து மூலம்தான் மாற்றித் தர முடியும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்கே செல்லும். பெண்மணிக்கு அது சங்கடம். "புள்ள மாதிரி பழகியிருக்கா, அவகிட்டப் போயி கையெழுத்து கேக்கவா?" என்றார். மாணவிதான், "இருக்கட்டும் அக்கா, எனக்கும் ஒரு நகல் குடுங்க" என்று முடித்துவைத்தாள். படத்துக்கான தொகையும் வரைந்தவள் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கின்றன.

மாட்டுங்காவிலிருந்து கிழக்கே சற்றுப் போனால் ஆண்டாப் ஹில்லில் டிரேட் மார்க் பதிவகத்தின் மும்பை அலுவலகம். ஆனால் நேரில் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வழியே மனுப் போட்டால் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. அழகுப் பொருள்கள் 3ஆவது வகை. தமிழில் எழுதிய சின்னத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் தர வேண்டும், அதை நான் எழுதிக் கொடுத்தேன். நிறத்தைக் குறிப்பிடாமல் கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் செல்லும். இதழில் வெளியான பிறகு நாலு மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவாகிச் சான்றிதழ் கையில் வந்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம்.

அச்சகத்துக்காரர் பழக்க தோஷத்தில் பெயரின் தலையில் வட்டத்துக்குள் ஆர் என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவிட்டார். பதிவுக்கு முன் அதைப் போடுவது சட்டப்படி தவறு, தண்டம் உண்டு. ஐந்நூறு லேபிள்களில் அதை மறைக்க ஒரு சாயங்காலம் போயிற்று.

புதுப் பெயர் 'நலங்கு' அல்ல. பாட்டியின் செல்லப் பெயரையும் வேறொரு சொல்லின் வாலையும் சேர்த்துக் கட்டியது. இங்கே சொன்னால் இது விளம்பரமாகிவிடும். பொங்கலுக்கு முன் புதுப் பாக்கெட் மாட்டுங்காவுக்குப் போனது. முதல் மாதம் விற்பனை இறங்கியது. பழைய வாடிக்கையாளர்கள் தாமரையைத் தேடி எதிராளியின் பாக்கெட்டை எடுத்துப் போனார்கள். பெண்மணி இரண்டு இரவு தூங்கவில்லை. பழைய லேபிளில் மிச்சமிருந்ததை எடுத்து ஒட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். மூன்றாவது மாதம், பெயர் வாயில் நுழையாத ஒரு குஜராத்திப் பெண் கடையில் வந்து, கையைக் குவித்துக் காட்டி, அந்தக் கிண்ணம் போட்ட மாவு வேண்டும் என்றாராம். கடைக்காரரே போன் செய்து சொன்னார். அது கிண்ணமில்லை, உழக்கு என்று பெண்மணி அவரைத் திருத்தினார்.

இப்போது இரண்டும் வெவ்வேறு தட்டில் இருக்கின்றன. எதிராளியின் பாக்கெட் இன்னும் பத்து ரூபாய் குறைவாகத்தான் விற்கிறது.